கைப்பம்பில் கட்டிய கம்பி

என் உயிர் மச்சான் ரஊப்,

நேற்றோடு ஹிதாயாவின் இத்தாத் துக்கக் காலம் முடிந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் உன் மனைவி, என் தங்கச்சி, அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் நான் என் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவள் வாசலைத் தாண்டினாள், நான் வாயைத் திறந்தேன். ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உனக்காக அழுது முடித்துவிட்டேன். இப்போது மிஞ்சிக் கிடப்பது கோபம். உன் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, நம் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, "நல்ல மவுத்து மனே, தொழக் கைகால் கழுவி வுழூ எடுக்கக்குள்ள போன மனிசன், எல்லாருக்கும் கிடைக்குமா?" என்று தேநீர் குடித்தவர்கள் மேலும் கோபம்.

அல்லாஹ்வின் நாட்டமில்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவன்தான் நானும். ஆனால் கைப்பம்பில் கம்பியைக் கட்டியது வானத்து மலக்குகள் இல்லை, என் கை. வெல்டிங் மெசினை நிற்பாட்டாமல் எழும்பிப் போனது நீ. இதைச் சொல்ல ஏன் இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை? எனக்கு ஏன் வரவில்லை?

அன்றைக்குக் கல்முனை வீடொன்றுக்காக நம் பட்டறையில் இரட்டைக் கேட் ஒட்டிக்கொண்டிருந்தோம். சண்டை முடிந்து சில மாதங்கள்தான். அத்தனை வருசமும் தகரத்தால் மறைத்துக்கொண்டு கிடந்த சனத்துக்குத் திடீரென்று பூப்போட்ட கேட் ஆசை வந்திருந்தது. நமக்கு நிமிர நேரமில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நீ ஹோல்டரைப் பலகையில் வைத்தாய். கையுறையைக் கழற்றினாய், செருப்பைப் பட்டறை வாசலில் கழற்றினாய். மெசின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டல்லையா மச்சான்?" என்று நான் கேட்டேன்.

"கிடக்கட்டும்டா, தொழுதிட்டு வந்து மிச்சத்தையும் அடிச்சி முடிப்பம்" என்றாய்.

நான் எழும்பிப்போய் நிற்பாட்டியிருக்கலாம். சுவிட்ச் எனக்கு எட்டு அடி தூரத்தில் இருந்தது. கேட் சட்டத்துக்கு மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன்.

பம்பு இரண்டு தரம் கிறீச்சிட்டது. காய்ந்த கையோடு, காய்ந்த சீமெந்தில் நின்று அடித்த அந்த இரண்டு அடிக்கும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. முகமும் கையும் கழுவிவிட்டு, காலைக் கழுவ ஈரக் கையால் திரும்பவும் பிடியைப் பிடித்திருப்பாய். வாளி உருண்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஓடிவந்த நான் உன்னைத் தொடாமல் திரும்பி ஓடி மெயின் சுவிட்சை இழுத்தேன். அந்த ஒரு வேலையையாவது சரியாகச் செய்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். கரண்ட் அடித்தது என்று ஊருக்குத் தெரியும், அது எந்த வழியாகப் பம்புக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மெசினின் கதை எல்லாருக்கும் தெரியும். கடற்கரை வீதியில் நம் பழைய பட்டறையைச் சுனாமி வழித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், இடிந்த சுவருக்குக் கீழே மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. உன் உம்மாவைத் தேடித்தான் தோண்டினோம். உம்மா கிடைக்கவில்லை, மெசின் கிடைத்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீ மணலில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் அதை எறி என்று உன்னிடம் ஒருநாளும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நல்ல தண்ணீரில் கழுவினோம். ஒரு கிழமை வெயிலில் வைத்தோம். சுருளுக்கு வார்னிஷ் பூசி லைனைக் கொடுத்தபோது அது உறுமியது, பொறி பறந்தது, நீ நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் விழுந்தாய். கடல் துப்பிய மெசின் என்று ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே இறங்கிய உப்பு வெயிலுக்குப் போகாது என்று நமக்குத் தெரியாதா மச்சான்? கருவாடு காயவைக்கிற கரையில் பிறந்த நமக்கு?

பிறகு வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அதைக் கொடுப்பது வாப்பாவும் சகோதரனும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். நான் ஹிதாயாவுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டையும் கடல் கொண்டுபோனது. நிவாரணத்தில் புது வரிசையில் வீடு கிடைத்தபோது, பின்பக்கம் பட்டறைக் கொட்டிலைப் போட்டு லைன் இழுத்துத் தருவது என் கடமை என்று நின்றேன். மாப்பிள்ளையை ஏணியில் ஏறவிட்டால் எனக்கு வெட்கம். மச்சான் செய்து தந்ததில் குறை பிடித்தால் உனக்கு மரியாதைக் குறைவு. நான் கட்டினேன், நீ கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றாய். நம் இரண்டு பேருடைய மரியாதையும் நாசமாகப் போக!

பழைய இடத்தில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். மெசினின் எர்த் கம்பியைக் கொண்டுபோய்க் குழாய்க் கிணற்றின் பம்பில் இறுக்கினேன். பழைய கிணறுகளில் இரும்புக் குழாய் ஈர மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். மெசின் உடம்பில் கசியும் கரண்ட் அந்த வழியே நிலத்துக்குள் போய்விடும். புது வரிசையில் போட்டுத் தந்த பம்பிலோ வெளியே தெரிகிற தலையும் பிடியும் மட்டும்தான் இரும்பு. அதற்குக் கீழே முழுக்கப் பிளாஸ்டிக். கரண்ட் இறங்குவதற்கு வழியே இல்லை. உன்னைக் காப்பாற்ற நான் கட்டிய கம்பி, மெசினில் இருந்த கரண்டைக் கொண்டுவந்து பம்பின் பிடியில் வைத்தது.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஆலையடிவேம்பு யோகன், நம் பழைய பட்டறைக்கு வயரிங் செய்தவன், சொன்னான்தானே? சண்டை நடந்த அந்த நாட்களில் தமிழனான அவன் நம் முஸ்லிம் ஊருக்குள் வரப் பயந்தான், நாம் அவன் ஊருக்குள் போகப் பயந்தோம். அதனால் போனில் சொன்னான்.

"பம்புல கட்டாதீங்க அண்ணன். இப்ப போடுறதெல்லாம் பிளாஸ்ரிக் பைப்பு. செப்புக் கம்பி ஒண்ட ஈரமண் வரைக்கும் அடிச்சி இறக்குங்க. மெசின்ட சுருளையும் மாத்துங்க, அது உப்புத் தண்ணி குடிச்ச சாமான்."

"யோகன் கரண்டு வேல செய்யிறவன், ஆனா கரண்டுக்கு அவனப்போலப் பயந்தவன் இல்ல" என்று நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைசி வருசம் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. முதலில் கிழமைக்கு ஒருக்கால், பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து தரம். கரண்ட் கசிகிறது என்று வாயில்லாத அந்தப் பெட்டி நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம் என்ன செய்தோம்?

"இந்தச் சனியனால வேல ஓடுதில்ல. இதக் கழட்டி வுடு மச்சான்" என்று நீ கத்தினாய். நான் கழற்றி நேர் லைன் கொடுத்தேன். பிறகு வேலை நன்றாக ஓடியது. உன் உடலை ஜனாஸாவாகத் தூக்கும்வரைக்கும் ஓடியது.

நீ போன மூன்றாம் நாள் யோகன் வந்தான். ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, பட்டறைக்குள் போய் ஒரு பல்பை எடுத்தான். அதன் ஒரு கம்பியை லைனிலும் மற்றதைப் பம்பின் தலையிலும் வைத்தான். பல்பு எரியவே இல்லை. பம்புக்கும் நிலத்துக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நான் உடனே கம்பியைக் கழற்றி எறிந்தேன். "ஹிதாயாவுக்குச் சொல்லிப்போடாத யோகன்" என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் சொல்லமாட்டன் அண்ணன். ஆனா நீங்க சொல்லாம இருக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

இருந்தேனே! ஊர் தந்த 'நஸீபு', விதி என்ற போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நான்கு மாதம் சுகமாக இருந்தேன். நாலாம் வீட்டு நசீர் வெல்டிங் தொடங்கியிராவிட்டால் இன்னும் அப்படியே இருந்திருப்பேன்.

நாலு நாளைக்கு முன் அவனுடைய வளவைக் கடந்து போனேன். புது மெசின், புதுக் கொட்டில். பச்சைக் கம்பி ஒன்று மதிலோரமாகப் போய்ப் பம்பின் தலையில் இறுகியிருந்தது. நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"தம்பி நசீர், அதக் கழட்டுங்க. அதுல எர்த் வராது" என்றேன்.

"என்ன காக்கா கதைக்கிறீங்க? ரஊப் நானாவும் இப்பிடித்தானே கட்டியிருந்தவர்? அவரவிட வேல தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கம் ஆரு இரிக்கி?" என்று, காக்கா, நானா என்ற அண்ணன் முறை மாறாமல் அவன் சிரித்தான்.

பார்த்தாயா மச்சான்? நீ இறந்த விதத்தை நான் மறைத்ததால், உன்னைக் கொன்ற வேலைக்கே உன் பெயர் சாட்சியாகப் போய்விட்டது. அந்த இடத்திலேயே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாலைக்குள் ஹிதாயாவின் காதுக்குப் போய்விடும் என்று பயந்து வந்துவிட்டேன். மூன்று நாள் அந்த வீட்டுப் பெண் பம்பு அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இப்படி ஒரு கோழையை நீ மச்சான் என்று கூப்பிட்டாய்.

நேற்றுக் காலை ஹிதாயாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுருள், ட்ரிப் சுவிட்ச், யோகனின் போன், கம்பி கட்டிய கை யாருடையது என்பது, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குக் காலையில பம்புல கை வைக்கக்குள்ள எனக்குச் சுள்ளெண்டு அடிச்சிச்சி காக்கா" என்றாள். "அவருக்கிட்டச் சொன்னன். செருப்பப் போட்டுக்கிட்டு அடி புள்ள, பொறகு பாக்கிறன் எண்டார். நானும் செருப்பப் போட்டுக்கிட்டன். எல்லாரும் நஸீபு எண்டக்குள்ள நானும் அதையே புடிச்சிக்கிட்டன். இல்லாட்டி, இன்னொருக்காச் சொல்லாம வுட்டது நான்தானே?"

உனக்குத் தெரிந்திருக்கிறது! காலையிலேயே தெரிந்திருக்கிறது! அவளுக்குச் செருப்பைப் போடச் சொல்லிவிட்டு நீ வெறுங்காலோடு போயிருக்கிறாய். என்ன மனிதன் நீ? ஒரு சுவிட்சை இழுத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உனக்கு என்ன அவசரம்? அந்தக் கேட் யாருக்கு அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? அவள் நான்கு மாதமாக உன்னைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குள் இருந்திருக்கிறாள். அவளுக்குத் துணையாகப் பக்கத்து அறையில் தங்கியிருந்த நானும் என்னைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் நல்ல மவுத்து என்று பெயர் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாய்.

"என்ன மன்னிச்சிக்க தங்கச்சி" என்றேன்.

"மன்னிக்கிறதா இல்லையா எண்டு எனக்கு இப்ப தெரியா" என்று எழும்பினாள். "முதல்ல நசீர்ட வீட்டுக்குப் போவம்."

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் வைத்த முதல் அடி அந்த வீட்டுக்குத்தான். நசீரின் மனைவி பம்படியில் அரிசி களைய உட்கார்ந்திருந்தாள். "புள்ள, அதுல கை வைக்காத!" என்று ஹிதாயா கேட்டிலிருந்தே கத்தினாள். நசீர் வெளியே ஓடிவந்தான். என்ன சொன்னாலும் அவன் "அல்லாஹ்ட நாட்டம்தானே ராத்தா" என்பதிலேயே நின்றான்.

"நாட்டம் அல்லாஹ்ட. கம்பி நம்மட" என்றாள் ஹிதாயா. "என்ட மாப்பிள்ள இந்தக் கம்பியாலதான் மவுத்தானவர். கட்டினவர் இந்தா நிக்கிறார். சொல்லுங்க காக்கா."

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றாள். சத்தமாகச் சொன்னேன். நசீர் உள்ளே போய் மெயினை இழுத்துவிட்டு வந்து கம்பியைக் கழற்றினான்.

இன்று காலை யோகன் வந்தான். நம் பட்டறைக்குப் பின்னால் செப்புக் கம்பியை அடித்து இறக்கினோம். மேல் மணல் சுத்தமாகக் காய்ந்து கிடக்கிறது, ஆள் உயரத்துக்குக் கீழேதான் ஈரம். அதுவரைக்கும் விடாமல் அடித்தோம். பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது. ட்ரிப் சுவிட்சைப் பழையபடி பூட்டியாயிற்று. தினமும் வேலை தொடங்குமுன் அதன் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், விழாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பாங்கு சொன்னால் முதலில் சுவிட்ச், பிறகு வுழூ. உன் மெசினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன், இனி வேறு மெசின்தான். அதைத் தூக்கிக் கொடுக்கும்போது உன் உம்மாவைத்தான் நினைத்தேன். ஏசுவாய் என்று தெரியும், ஏசு.

இந்த வரிசையில் இன்னும் இருபத்திரண்டு வீடு இருக்கிறது மச்சான். எல்லா வீட்டிலும் அதே பம்புதான். மெசின் இருக்கிற வீடு எது, மோட்டார் இருக்கிற வீடு எது, எந்தப் பம்பில் எந்தக் கம்பி போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். ஒவ்வொரு வாசலிலும், உன் பம்பில் கம்பி கட்டியவன் நான் என்று முதலில் என் பெயரைச் சொல்வேன். தெரிந்திருந்தும் நிற்பாட்டாமல் போனவன் நீ என்று பிறகு உன் பெயரைச் சொல்வேன். உன்னை நல்லவன் என்று சொல்ல இந்த ஊரே இருக்கிறது. உன்னைப்போல இன்னொருவன் சாகாமல் பார்க்க நானும் ஹிதாயாவும்தான் இருக்கிறோம். இது உனக்கு நான் தரும் வாக்கு. மனம் நொந்தால் மறுமையில் வந்து என்னோடு சண்டை பிடி, அங்கே பேசித் தீர்ப்போம்.

ஹிதாயா வாசலில் நின்று கூப்பிடுகிறாள். போக வேண்டும்.

உன்னை மன்னிக்காத, உனக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்பதையும் விடாத,
ஹிதாயாவின் காக்கா,
உன் மச்சான் மஜீத்