மண்கரையில் ஈ எண்ணிய நாட்கள்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று குறைவு. ஈ எண்ண நல்ல நாள்.

இடம் 1 (இ.1) ராசிங்காபுரம் தரிசு, 9 முதல் 11 வரை. ஈ 14, வகை 5. இ.2 பொட்டிபுரம் கரட்டு அடிவாரம், மதியம். ஈ 9, வகை 4. ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் வந்து, "நியூட்ரினோவுக்கு ஆளு வந்திருக்கா?" என்றார். மலையைக் குடைகிற அந்தத் திட்டத்து ஆள் இல்லை என்று வலையைக் காட்டினேன். நம்பவில்லை. நான் போகும்வரை அங்கேயே நின்றார்.

வாங்க: பஞ்சு, மெல்லிய ஊசி, செருப்புக்கு வார், தைலம்.

அம்மா போன். "ஈ பிடிக்கிறதெல்லாம் ஒரு சோலியா? பக்கத்து வீட்டுல கேக்குறாக." ஆராய்ச்சி என்று சொல்லச் சொன்னேன். "சொன்னேன். என்ன ஆராய்ச்சின்னு கேக்குறாக." ஐந்தாவது வருடமாக இதே பேச்சு. எரிச்சலில் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஆறு மணிக்கு ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஜீப்பில் ஏறினேன். பதினாறு பேர். என் முட்டி யாருடைய தூக்குச்சட்டியிலோ இடித்துக்கொண்டே வந்தது. முந்தல் தாண்டியதும் குளிர்.

ஜீப்பில் என்ன ஈ என்று கேட்டார்கள். யோசிக்காமல் ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டேன். பீ ஃப்ளை.  ஜீப்பே சிரிப்பில் குலுங்கியது. "பீயில ஒக்கார்ற ஈய எண்ணவா இம்புட்டுப் படிச்சீக?" கேட்டது முத்துப்பேச்சி அக்கா. ஏலக்காய் எடுக்கிறவர். அவர் வீட்டுக்காரர் செல்வண்ணன் அதே தோட்டத்தில் மருந்தடிக்கிறார். அவர்தான் எனக்கு மலையில் வழிகாட்டி. அவரும் சிரித்தார். இனி "தேனீ ஈ" என்றே சொல்ல வேண்டும்.

இ.6, தோட்டம். நிழலுக்குள் ஒன்றுகூட இல்லை, எதிர்பார்த்ததுதான், இதற்கு வெயில் வேண்டும். காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் வெட்டி விட்ட மண்கரையில் மட்டும் இருக்கிறது. கரை முழுக்க விரல் நுழையாத சின்னச் சின்னப் பொந்து. நீலப்பட்டைத் தேனீ அதற்குள் முட்டையிடும். ஈ அந்தப் பொந்து வாசலில் அந்தரத்தில் நின்று, தன் முட்டையை உள்ளே சுண்டிவிடும். இன்று எண்ணியது 11, வகை 3.

மூன்றில் ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கறுப்பு இறக்கை, நுனி மட்டும் கண்ணாடி, வயிற்றில் வெள்ளைக் கோடு. கையில் இருப்பது ஒரு பெண். ஆண் கிடைக்காமல் பெயர் வைக்க முடியாது. மலைச்சரிவில் வேறு எங்கேயும் இதைப் பார்க்கவில்லை, இந்தக் கரையில் மட்டும்தான். இந்த மாதத்துக்குள் ஒரு ஆண். அது போதும்.

தோட்டத்துக்குள் போக வாங்கிய அனுமதிக் கடிதம் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. புதுசு வரவில்லை. செல்வண்ணன் பின்பக்க வழியாகக் கூட்டிப் போகிறார்.

திரும்பும்போது அவர் கேட்டார் (படித்தவள் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்): "டீச்சர், இது நன்மை செய்ற பூச்சியா, தீமை செய்ற பூச்சியா?" விவசாய ஆபீஸ் கூட்டத்தில் மாட்டுகிற படத்தில் ரெண்டே கட்டம்தானே. இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை. மூன்றாவது கட்டம் கிடையாது.

"இதோட புழு தேனீப் புழுவத் தின்னு வளரும்ணே."

"தேனீ இல்லாட்டி ஏலப்பூ காயாகாது. அப்ப தீமை."

அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது, அதுவும் இருக்க வேண்டியதுதான் என்று ஆரம்பித்தேன். ஜீப்பு ஹாரன் அடித்தது. "சரிண்ணே, தீமைன்னே வச்சுக்கங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அடுத்த தடவை ஒழுங்காக விளக்க வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மலையில் மேகம். போகவில்லை. நாளெல்லாம் ஊசி குத்தி அட்டையில் ஏற்றினேன். ஒரு பேரினத்துக்குப் பெயர் ஆந்த்ராக்ஸ், அந்தக் கிருமி நோயின் பெயரேதான். மலைமேல் மெட்டு செக்போஸ்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அந்தச் சீட்டை வாசிக்க விடக்கூடாது.

சார் (என் கைடு) போன் செய்தார். ஆண் கிடைத்ததா என்பது மட்டும் கேட்டார். கடிதத்தைப் பற்றி நான் கேட்டதற்கு, "அப்புறம் பாத்துக்கலாம்மா."

கழுத்து வலி. தைலம் வாங்க மறந்தாயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன்.

தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். 11.40க்குச் செல்வண்ணன் போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "டீச்சர், ஒங்க ஈக்கு மருந்தடிச்சாச்சு. கரை பூராவும். ரெண்டு மூடி ஊத்துற எடத்துல நாலு மூடி ஊத்திருக்கேன். இனி ஒண்ணு தப்பாது. அதுக்குன்னே லீவு நாள்ல வந்தேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கத்தினேன். "யாருண்ணே ஒங்கள அடிக்கச் சொன்னா?"

"நீங்கதான டீச்சர் தீமைன்னு சொன்னீக."

அந்தப் பொந்துகளில் தேனீயும்தானே இருக்கிறது, அது என்ன ஆகும், அறிவிருக்கா என்று கேட்டேன். என்னைவிட எவ்வளவோ மூத்தவரை. அவர் ஏதோ சொன்னார். பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனைந்துவிட்டது, நெஞ்சு லேசாக அடைக்கிறது, சட்டையைக் காயப்போட்டுவிட்டு வெரசா இறங்கிவிடுவேன், வந்து பேசிக்கலாம் என்று. நான் போனை வைத்துவிட்டேன்.

ஐந்து வருடம். ஒரே ஒரு கரை. ஒரு வாய்ப்பேச்சில் போயிற்று. மாலை வரை அழுதேன். சாரிடம் எப்படிச் சொல்வது.

செப்டம்பர் 15, திங்கள்

ஜீப்பு ஸ்டாண்டில் செல்வண்ணனும் அக்காவும் இல்லை. டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தெரியாதா? செல்வம் மருந்து குடிச்சிட்டாப்ல."

நேற்று மூன்று மணிக்கு வாட்சர் பார்த்திருக்கிறார். கரைக்குக் கீழே, சட்டை இல்லாமல், வாயில் நுரை. தேனியில் ஆஸ்பத்திரி. தூக்கிப் போனவர்களிடம் அங்கே என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். "மருந்து" என்றார்களாம். அடித்ததா குடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மருந்தடித்தான் என்றால் வேலை, மருந்து என்று மட்டும் சொன்னால் குடித்தான் என்றுதான் அர்த்தம். அப்படியே எழுதிவிட்டார்கள்.

தோட்டத்துச் சூப்பர்வைசரும் அதையே சொல்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, அந்தக் கரையில் ஏலச்செடியும் கிடையாது, அங்கே மருந்தடிக்க என்ன இருக்கிறது என்று. சரியான கேள்வி. பதில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

ஜீப்பில் ஏறவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவும் இல்லை. அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

நெஞ்சு அடைக்குது என்றார். நான் தேனீயைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர்: "அனுமதி இல்லாத எடத்துல நீ எப்படிப் போனேன்னு முதல்ல கேப்பாங்க. பிஎச்.டி. பதிவே போயிடும். நீ இதுல வராதம்மா." கடைசியில் அந்தப் பெண் ஈயைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

மதியம் தேனி பஸ்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில் முத்துப்பேச்சி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். செல்வண்ணனுக்கு மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறது. நினைவு இல்லை. பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். டீயை மட்டும் குடித்தார்.

அந்தப் பக்கம் ரெண்டு பெண்கள்: "புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னமோ. இல்லாட்டி எதுக்குக் குடிக்கப் போறான்." அக்காவுக்கும் கேட்டிருக்கும். 

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஞாயித்துக்கெழம அவரு ஒங்ககிட்ட ஏதும் பேசுனாரா டீச்சர்?"

இல்லை என்றேன்.

பஸ்சில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

காலை ஏழரைக்குப் போய்விட்டார். டிரைவர் போனில் சொன்னார்.

போலீஸ் எழுதியது: குடும்பத் தகராறு, பூச்சிமருந்து குடித்து. பிரேதப் பரிசோதனை முடிந்து சாயங்காலம் கொண்டுவந்தார்கள். நான் தெருமுனையில் நின்றேன். எடுக்கிற வரைக்கும் அக்கா அழவே இல்லை என்று அதற்கும் ஒரு பேச்சு. "அழுவாளா? அனுப்பி வச்சதே அவதான்."

 அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மேலே போனேன். எதற்கு என்று தெரியவில்லை. பின்பக்க வழியாக, தனியாக.

இ.6. அரை மணி நேரம் நின்றேன். ஈ இல்லை. தேனீ இல்லை. பொந்துகள் அப்படியே இருக்கின்றன. கரையில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்கிறது. கீழே தேனீக்கள் செத்துக் கிடந்தன, பாதியை எறும்பு இழுத்துப் போய்விட்டது. அதற்கு நடுவில் ஒரு கறுப்பு இறக்கை. நுனி கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆண்.

கையில் எடுத்தேன். எடுத்ததும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன், இதையாவது மறைக்காமல் எழுத வேண்டும். அவர் விழுந்து கிடந்த இடத்துக்கு ரெண்டடி தள்ளி.

இறங்கி நேராக ஸ்டேஷன். எழுதிக் கொடுத்தேன். நான் சொன்ன வார்த்தை, 11.40 போன், பம்பு ஒழுகியது, நெஞ்சு அடைத்தது, நான் வைத்தது. அனுமதி இல்லாததும். எழுத்தர் ரெண்டு தடவை வாசித்துவிட்டு, "ஈயாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். போனில் கால் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். சாருக்கு இன்னும் சொல்லவில்லை.

அங்கிருந்து அக்கா வீடு. உள்ளே அவரும் அவர் தங்கச்சியும் மட்டும். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். குடிக்கவில்லை அக்கா, எனக்காக மருந்தடிக்கப் போனார், என் பேச்சைக் கேட்டுப் போனார், உடம்பில் பட்டுத்தான். போன் செய்தார். நான் திட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

தங்கச்சி எழுந்து என்னை அடிக்க வந்தாள். அக்கா தடுத்தார்.

"அன்னைக்குக் காலையில எங்க போறீகன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னு சிரிச்சாரு. லீவு நாள்லயும் வீட்டுல இருக்க மாட்டீகளா, போ, போயி மருந்தக் குடிச்சுச் சாவுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் போயிக் குடிச்சாருன்னு நெனச்சேன். அஞ்சு நாளா நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன் டீச்சர்."

தங்கச்சியைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், கோபமே இல்லாமல்.

"ஞாயித்துக்கெழம பேசுனாரான்னு ஆஸ்பத்திரியில ஒங்ககிட்ட கேட்டேன்ல?"

கேட்டார்.