பத்தொன்பது தவணை கட்டிய மெசின்

மருதமுனை
03.10.1982

அன்பு மகள் முனவ்வறாவுக்கு உம்மாவின் ஸலாம். றப்புடைய ரஹ்மத்தால் நானும் வாப்பாவும் தங்கச்சி றம்ஸியாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் உன் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நேற்றுத்தான் நல்ல மழை பெய்தது, வயல்காரர் விதைப்புக்கு இறங்கிவிட்டார்கள். வாப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் பூசுகிறார். உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது மகள். தங்கச்சியின் கலியாணம் குழம்பக் கூடாது, ஆராய்ச்சியில் கல்முனைக் கடைகளைப் பற்றிய பகுதியை எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். எடுக்காதே. யாரோ உனக்குப் பாதிக் கதைதான் எழுதியிருக்கிறார்கள், மீதியை நான் எழுதுகிறேன்.

கொழும்புப் பேப்பரில் வந்த உன் கட்டுரையில் நீ யாருடைய பெயரையும் போடவில்லை. ஆனாலும் முந்நூற்றெண்பது ரூபா தையல் மெசினுக்கு மாதம் இருபத்தாறு ரூபாப்படி இருபத்துநாலு தவணை என்று வாசித்ததும் அந்தக் கடைக்காரர் யார் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. நமக்கு மெசின் தந்த பக்கீர் முகைதீன் ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். அவருடைய தங்கச்சி மகனுக்குத்தானே நம் றம்ஸியாவைப் பேசியிருந்தோம். மகள் படிச்ச புள்ள, தான் எழுதினது பிழை எண்டு பேப்பருக்கு ஒரு கடதாசி போடட்டும், அந்தப் பகுதியையும் எடுக்கட்டும், இல்லாட்டி இந்தக் கலியாணம் நடக்காது என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, கேட்டுப் பார்ப்பம் ஹாஜியார் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், றம்ஸியாவுக்குச் சீதனமாகக் கட்டும் வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது, அவர் அதைத்தான் நினைத்திருப்பார்.

என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. நீ பார்த்து எழுதிவிட்டுத் திருப்பித் தந்த தவணைத் துண்டை அலுமாரியிலிருந்து எடுத்தேன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். இது உங்கட கையெழுத்துத்தானே, எண்ணிப் பாருங்க, பத்தொன்பது இரிக்கி, நானூத்தித் தொண்ணூத்தி நாலு ரூபா கட்டியும் மெசின் எங்கட வீட்டில இல்ல, என்ட மகள் எழுதினதுல எந்த எழுத்துப் பிழ என்று கேட்டேன். அது அந்தக் காலத்து யாவாரம், எல்லாரும் அப்படித்தான் செஞ்ச என்றார். அப்ப அத எழுதினா என்ன என்றேன்.

அந்த மெசின் போனபோது உனக்கு ஏழு வயது. வாப்பா நெருப்புக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தவணை இரண்டு மாதம் பிந்தியது, மாட்டுக் கரத்தையில் வந்து மெசினைத் தூக்கிவிட்டார்கள். யாரோ தைக்கத் தந்த சட்டை பாதித் தையலில் ஊசிக்குக் கீழே கிடந்தது. நீ அந்தச் சட்டையைக் கேட்டுக்கொண்டு சந்தி வரைக்கும் கரத்தைக்குப் பின்னால் ஓடினாய், தரவில்லை. அந்தச் சட்டைக்கும் நான்தான் காசு கொடுத்தேன். நீ பேராதனையில் முதலாம் வகுப்பில் பாஸாகி, அங்கேயே படிப்பித்து, ஸ்கொலர்ஷிப்பும் கிடைத்தபோது, ராசாக்கள்ர சரித்திரத்த உட்டுட்டு கடங்காரிகள்ர கதைய எழுதவா சீமைக்குப் போறாள் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள், முன்வாசலில் நான் பேசி முடிக்க முதல் றம்ஸியா வெளியே வந்தாள். அவர்கள் விரலில் போட்ட மோதிரத்தைக் கழற்றி ஹாஜியாரின் முன்னால் ஸ்டூலில் வைத்து, என்ட ராத்தாவப் பொய்க்காரியாக்கித்தான் எனக்கு மாப்பிள எடுக்கணுமெண்டா எனக்கு வேணாம் என்றாள். அன்றைக்கே அவர்கள் நோன்புப் பெருநாளுக்குத் தந்த சேலையையும் மடித்து அனுப்பிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது, இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் எழும்பித் தலை முழுகிப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனாள். அந்தப் பொடியன் மாமாவை மீறி ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை. கலியாணத்துக்கு முதல் அதைத் தெரிந்துகொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். இப்போது வாப்பாவும் புள்ளைகள் செஞ்சது சரிதான் என்கிறார்.

எங்கட கடன வெள்ளைக்காரனுக்கு ஏன் காட்டுற என்று ஏசவும் ஆட்கள் வந்தார்கள். ஏசவென்று வந்த ஹாஜறா மாமி போகும்போது தன் சேலைத் தவணைத் துண்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு பாண்டிருப்பிலிருந்து பூமணி என்றொரு பெண் பஸ் ஏறி வந்து தன்னுடையதைத் தந்தாள். இப்போது பதினொரு துண்டு சேர்ந்திருக்கிறது, றம்ஸியா எல்லாவற்றையும் அழகாகப் பார்த்தெழுதினாள், றெஜிஸ்டர் தபாலில் வருகிறது, அதையும் சேர்த்து எழுது.

உன் பேராசிரியருக்கு முன்னால் தலை குனிந்து இருக்காதே, வேளைக்குச் சாப்பிடு, காசு அனுப்பாதே, கம்பளிச் சட்டை வாங்கு. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பறக்கத் செய்யட்டும். ஒன்றை மறந்துவிடாதே. மற்றப் பெண்களின் பெயர்களை மறைத்தது சரி, அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். என் பெயரை மறைக்காதே. கடன் வாங்கினேன், கட்டினேன், களவெடுக்கவில்லை. வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவருக்கும் சம்மதம். பிழையில்லாமல் போடுவதற்காக முழுப் பெயரையும் கீழே எழுதுகிறேன்.

உன் உம்மா,
மீராமுகைதீன் கைருன்னிஸா