டோக்கன் மாற்றிய முதுகுகள்

ஜூன் 3, செவ்வாய்

நேற்று பிடித்தது இன்னும் விடவில்லை. ஃபவுண்டரியில் மோல்டிங் பெட்டியைத் தூக்கும்போது எனக்கு இடுப்பில் 'படக்'. மறுமுனையைப் பிடித்திருந்த ரகுவுக்கும் அதே நிமிஷம்! கம்பெனி பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டே வந்தோம். உட்கார்ந்தால் யார் எழுப்புவது?

ஜூன் 5, வியாழன்

சிப்காட் பக்கத்து மருத்துவமனையில் ஒரு சோதனை. திடீர் இடுப்புவலிக்கு அதிர்வலை கொடுத்துப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு வெறும் சத்தம். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, வலியைக் கேட்டு எழுதும் ஜெனிபர் மேடத்துக்கும் தெரியாது. மெஷின் அறையில் டோக்கன் எண்ணைப் பார்த்துக் கொடுப்பார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம்; முதல் தடவை இன்றே ஆயிற்று.

ஜூன் 7, சனி

நானே குனிந்து ஷூ மாட்டினேன்! ரகு இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான் என்கிறாள் அவன் மனைவி கல்பனா. அப்படியானால் எனக்கு நிஜம், அவனுக்குச் சத்தம். பாவம். ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவன். 23ஆம் தேதி மெடிக்கலில் தேறினால் பர்மனென்ட். குனி, நிமிர் என்பார்களே — என்ன செய்வான்?

ஜூன் 12, வியாழன்

செய்தாயிற்று. ஷிப்ட் மாற்றிக்கொள்வது எங்களுக்குப் புதிதா? அதேபோல் டோக்கனையும் மாற்றிக்கொண்டோம். "வேணாம் பென்னி, உனுக்கும் வலிக்குதுல்ல" என்றான் ரகு. "மூடிக்கினு போடா" என்றேன். மெஷின் அறையில் இன்று புது ஆள். எண்ணை மட்டும் பார்த்தார். குப்புறப் படுத்தால் எல்லா முதுகும் ஒரே முதுகு. என்னைப் போல் ஒரு தியாகி உண்டா?

ஜூன் 19, வியாழன்

இன்றும் டோக்கனை மாற்றிக்கொண்டோம். ரகு ஜம்மென்று நடக்கிறான். எனக்கும் பரவாயில்லை.

ஜூன் 23, திங்கள்

ரகு தேறிவிட்டான்! எனக்கே வேலை கிடைத்தது போல இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

கடைசியாக வலியைக் குறிக்கப் போனோம். ஜெனிபர் மேடம் ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை கேட்டு எழுதினார். ஐயோ, இவ்வளவும் பொய்யாகிவிடுமே? மனசு கேட்கவில்லை. ரகு வெளியே போனதும் சொல்லிவிட்டேன்.

பேனாவை வைத்துவிட்டார். நன்றாகத் திட்டு வாங்கினேன். சோதனையிலிருந்து எங்கள் இருவரையும் எடுத்துவிடுவார்களாம். பெரிய டாக்டரிடம் கேட்டு, எந்த எண்ணுக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்த உறைகளில் எங்களுடையதை மட்டும் பிரித்துப் பார்த்தார். கோபத்துக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க டோக்கன்தாங்க வெறும் சத்தம். ரகுவுக்கு வந்த நிஜத்தை நீங்க வாங்கிக்கிட்டீங்க."

தியாகியாம் தியாகி! சிநேகிதன் வாய்ச்சோற்றைப் பிடுங்கித் தின்றிருக்கிறேன். எப்படிச் சொல்வேன் அவனிடம்?

ஜூன் 30, திங்கள்

ரகுவுக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்து, பென்னி கொடுத்த டோக்கனால்தான் நிமிர்ந்தேன் என்று சீட் சீட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் லட்டு டப்பாவை மூடினான்.

ஆரம்பாக்கத்தில் இறங்கும்போது என் காதோடு சொன்னான். "கல்பனாகிட்ட மட்டும் சொல்லிடாத. நேத்து உன் பேர்ல மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துக்கீறா."

மிச்ச லட்டை டப்பாவோடு என் மடியில் வைத்துவிட்டுக் குதித்து இறங்கினான்.