செப்புக் குடம்

1961 ஜூலை, சனிக்கிழமை. மஸ்கெலியா.

இன்று தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கை நடுக்கத்தோடு வந்த சிறுமி லெட்சுமியின் கண்ணில் டார்ச் அடித்தேன். கருவிழி ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம். டாக்டருக்குப் படிக்கும்போது ஒரே ஒருமுறை பார்த்தது. உடம்பில் செம்பு தங்கிவிடும் பரம்பரை நோய்.

செப்புப் பாத்திரம் ஆகாது என்றதும் அவள் அம்மா மிரண்டுபோனாள். மஞ்சக்காமாலை வந்ததிலிருந்து பிள்ளைக்குச் செப்புக் குடத்துத் தண்ணீர்தானாம்.

“அப்ப நாந்தானுங்களா ஐயா கெடுத்துப்புட்டேன்?”

குடத்தால் இல்லை என்றேன்.

“அப்பறம் எதுனாலங்க?”

அந்த அம்மா கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. தாய் தகப்பன் இரண்டு பேர் இரத்தத்திலிருந்தும் வந்தது என்று எப்படிச் சொல்வது? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் லெட்சுமியின் தங்கை சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இருக்கலாம். அவள் கண்ணில் டார்ச் அடிக்க மனம் வரவில்லை. தனியாக இருக்கும் என் வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. டார்ச் இன்னும் சட்டைப்பையில்தான் கிடக்கிறது.