அவன் அவளைத் தேடிப் போகவில்லை, கோமதி

என் தங்கமே கோமதி,

நீ வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளையில் உன் புருஷன் வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். உனக்கு வந்து சொல்ல வேறு ஆள் இல்லை, நானே சொல்கிறேன். அவன் அவளைத் தேடிப் போகவில்லை.

முதல் பாகத்தை நான் கண்ணால் பார்த்தது ஒரு தடவைதான். கஹவத்தை டவுனில் சீடி எடுத்து வந்து தோட்டத்தில் நம் லயத்து வீட்டில் எல்லாரும் ஒன்றாகப் பார்த்தோம். உன் வாயால் கேட்டதுதான் அதிகம். ரப்பர் மலையில் நாம் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பால் வெட்டும்போதெல்லாம் அதே கதைதான். ஒரு மரத்தில் கத்தியை வைத்து, சிரட்டையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதற்குள் ஒரு சண்டையை முடித்துவிடுவாய்.

படத்தில் வருகிற அந்தச் சாம்பல் சட்டைக்காரனை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. இடிந்து விழுகிற எதையும் தோளில் தாங்குகிறவன். அந்தச் சட்டையைப் பழைய மழைக்கோட்டில் வெட்டித் தைத்துக் கொடுத்தவள் அவன் பெண்சாதி. கடைசியில் அணை உடைந்து வருகிறது. ஒரு பஸ் நிறைய சனம் கடக்கட்டும் என்று அவன் பாலத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் அவளைக் கொண்டுபோகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். அதோடு படம் முடிந்துபோனது.

நீ மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாய், "அடுத்த பாகத்துல பாரும்மா, ஊரையெல்லாம் விட்டுட்டு அவளத்தான் தேடிப் போவான்."

"செத்தவள எங்கடி போய்த் தேடுவான்?"

"கிடைக்காட்டியும் தேடணும்மா. தேடலைன்னா அவன் என்ன மனுசன்?"

அடுத்த வருசமே உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குக் கீழே நான் பாய் விரித்துக் கிடந்தேன். உன் பிள்ளை நிரோஷா என் முந்தானையை விடவே இல்லை. உன் புருஷன் வந்து சேர்ந்தபோது உனக்கு ஆள் தெரியவில்லை. வேலை செய்கிற கடைக்கு லொறி வந்துவிட்டதாம், சிமெந்து இறக்கிக்கொண்டிருந்தாராம். காலில் அந்தத் தூசியோடுதான் வந்து நின்றார். அந்தக் காலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

நீ போன பிறகு அவர் மறு கல்யாணம் செய்துகொண்டார். நான் தடுக்கவில்லை, போகவும் இல்லை. பெண் ஓப்பநாயக்கப் பக்கம், பெயர் சாந்தி. நல்ல பிள்ளை என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன? நம் வீட்டைவிட்டுப் போகும்போது உன் போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "எங்க வீட்டு முன்னறையில மாட்டுவேன் அத்தை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கொடுத்தேன்.

இப்போது நிரோஷா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பை முடித்துவிட்டாள். அடுத்த வருசம் டவுனுக்குத்தான் போக வேண்டும். பிள்ளையைத் தன்னோடு வைத்துப் படிக்க வைக்கிறேன் என்று அவர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் தானே வந்து, அந்தப் படம் தமிழில் வந்திருக்கிறது, புது டீவி வாங்கியிருக்கிறோம், ரெண்டு பேரும் வாங்க என்றார். எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? நிரோஷாதான் குதித்தாள். அவளுக்கு முதல் பாகம் முழுவதும் மனப்பாடம். நீ சொன்னதை நான்தான் அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கண் சுவரைத்தான் தேடியது. பிள்ளையார் இருந்தார். கடிகாரம் இருந்தது. கடை முதலாளி கொடுத்த கலண்டர் இருந்தது. நீ இல்லை. சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகிற வரைக்கும் நான் கையால் தொடவில்லை.

படம் எப்படி என்று கேட்பாய். சண்டை பெரிசு, சத்தம் பெரிசு, இடிகிற கட்டடமெல்லாம் பெரிசு. அவனுக்கு இரும்பில் புதுச் சட்டை. பழையதை எங்கே போட்டான் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு புதுப்பெண், நன்றாகத்தான் இருக்கிறாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள். தண்ணீரில் போனவளின் பெயரை முழுப் படத்திலும் ஒரு வாய் சொல்லவில்லை. அவன் ஒரு தடவை அந்தப் பாலத்தின் மேலேயே பறந்து போகிறான், கோமதி. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவன் எத்தனை ஊரைக் காப்பாற்றினால் எனக்கு என்ன? படம் எடுத்தவன் வீட்டில் யாரும் சாகவே இல்லையா?

பாதிப் படத்தில் நிரோஷா கேட்டாள், "அப்பா, சட்டை தைச்சுக் குடுத்த அக்கா எப்ப வருவாங்க?"

அவர் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது பழைய கதைடா. இப்ப இவங்கதான்" என்றார்.

படத்தைத்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை சாந்தியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்புறம் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, என் மக எங்க?" என்று கேட்டேன்.

சிங்களக் கடையில் நின்று பழகி, யார் எது சொன்னாலும் "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டுகிறவர் அவர். அன்றைக்கு அதுகூட வரவில்லை. போட்டோ அலுமாரிக்குள் இருக்கிறது, புதுசாக வந்தவள் பயப்படுவாள் என்று எடுத்து வைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் எப்பங்க பயந்தேன்?" என்றாள் சாந்தி. எழுந்து டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சுமங்கலியாப் போனவங்களுக்குச் சேலை வச்சுக் கும்பிட்டாத்தான் வீடு வெளங்கும்னு எங்கம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. தீபாவளிக்கு ரெண்டு வருசமா நான் அலுமாரியத் தொறந்து வச்சுத்தான் அக்காவுக்குப் படைக்கிறேன். அந்தச் சேலையத்தான் நான் உடுத்துறேன். போட்டோவக் கழட்டினது இவருதான் அம்மா. அது இருந்த நாளெல்லாம் இவரு சோறு திங்கல. செவுத்துக்கு முதுகக் காட்டி உக்காந்தாலும் எறங்கல."

அவர் அழுதார். பெரிய மனுசன், பிள்ளை பார்க்கிறாள் என்றுகூட இல்லாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உனக்கு நான் என்ன சொல்வேன்? இத்தனை வருசமாக இந்த ஆள் மறந்துவிட்டார், மறந்துவிட்டார் என்றுதான் கறுவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்தானே? இல்லை. அழுகிறவர் ஏன் உன்னை இருட்டில் பூட்டி வைத்தார்? தன்னால் பார்க்க முடியவில்லை என்றால், பெற்ற பிள்ளையும் பார்க்கக் கூடாதா?

கேட்டேன். அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

அப்போதே நிரோஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். கிளம்பத்தான் எழுந்தேன். ஆனால் சாந்தி அலுமாரியைத் திறந்து உன்னை வெளியே எடுத்தாள். கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நெற்றியில் புதுக் குங்குமம். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. "அம்மாச்சி, இங்க அம்மா இருக்காங்களே" என்றாள்.

பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன், கோமதி. அவள் படிக்க வேண்டும், ரப்பர் கத்தி அவள் கைக்கு வரக் கூடாது. அதை நீயும் சொல்லியிருக்கிறாய். போட்டோவை உன் புருஷன் கையாலேயே மாட்ட வைத்தேன். ஆணி அடித்து முடித்த பிறகும் சுத்தியலைக் கீழே வைக்காமல் சுவரைப் பார்த்தபடி நின்றார். மீதிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

இங்கே லயத்தில் இப்போது நான் மட்டும்தான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று கைக்குப் பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது. அவள் உன்னைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறாளா? கூப்பிட்டால் உனக்குக் கேட்கிறதா?

உன் புருஷனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சிமெந்துக் கால் எனக்குள்ளே அப்படியேதான் நிற்கிறது. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் காலில் தெம்பு இருக்கிறவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெல்மதுளைக்குப் போவேன். உள்ளே போனதும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். என்றைக்காவது அங்கே வெறும் ஆணி மட்டும் இருந்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் உங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

உன்னைப் பெற்றவள்,
நிரோஷாவின் அம்மாச்சி