முல்லை விற்பனைக்கு இல்லை

ஏனுங்க,

முல்லையைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போகிறேன். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், பட்டாளத்தில் இருந்த துரை ஒருவர் குதிரைகளுக்கு நடை பழக்கும் முகாம் நடத்துகிறார். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். மாட்டு டாக்டர் மகளான எனக்குச் சேணம் புதிதில்லை.

வெள்ளகோவில்காரர் இன்று குதிரை பார்க்க வருவார். காப்பி கொடுத்து, விற்கவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். சோறும் ரசமும் அடுப்படியில் இருக்கின்றன. தோள்கட்டை அவிழ்க்காமல், இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுங்கள்.

மோட்டார் சத்தத்துக்கு மிரண்டு முல்லை உங்களைக் கீழே தள்ளியது நிஜம்தான். "பைத்தியம் புடிச்ச குதிரை அம்மணி, வித்துப்போடலாம்" என்று நேற்றும் சொன்னீர்கள். நான் எழுந்து போனேன். கோபத்தால் இல்லை. விழுந்ததிலிருந்து லாயத்து வாசலிலேயே உங்கள் கால் நின்றுவிடுகிறது. உள்ளே அவளும் நடுங்குகிறாள். அவளை விற்றுவிட்டால் உங்கள் பயம் போய்விடுமா?

ஜெயக்கொடி அக்கா வீட்டில் தங்குவேன். தேடி வந்து கூப்பிட்டாலும் முகாம் முடியாமல் திரும்பமாட்டேன்.

கிருபாவதி

மறந்துவிட்டேன். முகாமின் கடைசி நாள் வீட்டார் வந்து பார்க்கலாமாம். கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி வாருங்கள். வேலிக்கு வெளியே நின்றால் போதும், கிட்டே வரச் சொல்லமாட்டேன்.