சிவப்புப் பட்டியை எடுத்தவள் நான்தான்

விலை தன் பக்கம் வரும்வரை பொறுத்திருக்கத் தெரிந்த என் சித்தப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமான ஆட்டைத் திவசம் முடிந்து இரண்டு மாதமாகிறது. நோபல் பார்க் வீட்டின் பின்னறையில் உங்கள் இரண்டு திரைகளும் வைத்தபடியே இருக்கின்றன. நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன். ஆனால் கோபத்தோடுதான் எழுத வாய்த்திருக்கிறது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு.

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் படத்தைப் பக்கத்து ஊரான டண்டினொங்கில் ஒரு சுவரில் மாட்டியிருக்கிறார்கள், சித்தப்பா. அந்தியேட்டிச் சடங்கன்று கொடுத்த நினைவுப் புத்தகத்தில், அந்தக் கல்வெட்டில், நாங்கள் போட்ட அதே படம்தான். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் மாலையும் சாத்தியிருக்கிறார்கள். ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்க அறை அது. சனிக்கிழமைகளில் அங்கே வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் உங்கள் நண்பர் குலம் அங்கிள். நீங்கள் ‘ஏணி’யின் ஒரு பிரதியைச் சும்மா பார்க்கக் கொடுத்தீர்களே, அவர்தான்.

படிப்பவர்களுக்காக ஏணி என்னவென்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பந்தயச் சந்தைகள் இருக்கின்றன. அங்கே பந்தயம் பிடிக்கும் கடைக்காரர் கிடையாது. இந்தக் குதிரை வெல்லும் என்று ஒருவர் கட்டுவார், வெல்லாது என்று இன்னொருவர் கட்டுவார். வென்றால் ஒரு டொலருக்கு எத்தனை டொலர் என்பதுதான் விலை; ஓட்டம் தொடங்கும்வரை அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். என் சித்தப்பா எந்தக் குதிரையையும் நம்பியவர் இல்லை. விலை ஐந்தாக இருக்கும்போது வெல்லும் என்று கட்டுவார். அது நாலரைக்கு இறங்கியதும் அதே குதிரை வெல்லாது என்று கட்டுவார். குதிரைகள் புறப்படுவதற்கு முன்பே கணக்கை மூடிவிடுவார். எது வென்றாலும் அவருக்குச் சின்னதாக ஒன்று மிஞ்சும், அல்லது சின்னதாக ஒன்று போகும். அந்த விலைகளை ஏணிப் படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் காட்டி, ஒரே சொடுக்கில் கட்டவும் மூடவும் வைக்கும் மென்பொருள்தான் ஏணி. 2009இல் அவரும் நானும் அதை எழுதத் தொடங்கினோம். சந்தையோடு பேசும் பகுதி அவருடையது. கண்ணுக்குத் தெரியும் பகுதி என்னுடையது.

நாலு வருடத்தில் நீங்கள் ஓர் ஓட்டத்தையாவது முழுதாகப் பார்த்திருப்பீர்களா? குதிரைகள் புறப்படும் கதவுகளுக்குள் நுழையும்போதே எழுந்து போய்த் தேநீருக்குக் கேத்திலைப் போட்டுவிடுவீர்கள். “எது வெண்டது சித்தப்பா?” என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும், குதிரைக்குத்தான் தெரியும்” என்பீர்கள்.

செத்த வீட்டில் உங்களைச் சூதாடி என்று குசுகுசுத்தவர்களை எனக்கு ஞாபகமிருக்கிறது. “கலியாணமும் கட்டேல்லை, குதிரையோடை போச்சுது மனுசன்” என்று ஓர் அன்ரி குசினி அடுப்பருகே நின்று சொன்னார். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றேன். இன்று அந்த வகுப்பின் புகழைக் கேட்டு அதே அன்ரியின் வீட்டுக்காரர் உங்களை ‘அந்த மேதை’ என்கிறார். இரண்டில் எது அதிகம் எரிச்சல் என்று எனக்குத் தெரியவில்லை.

ரவீந்திரன் அண்ணை வந்து சொல்லாவிட்டால் இது எதுவும் எனக்குத் தெரிந்திராது. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. நீங்கள் போன பிறகு படகில் வந்தவர். எங்கள் தெருவிலேயே இன்னும் ஐந்து பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறார். தற்காலிக விசாதான், வேலை செய்ய அனுமதி இல்லை. தச்சு வேலை தெரிந்த கை, ஒரு வருடமாகச் சும்மா இருக்கிறது. அம்மா கறி கொடுத்துவிடுவார். ஒரு நாள் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கலாமோ? இந்த ஏணி எண்டது உங்கட சித்தப்பா செய்ததோ?”

“ஓம் அண்ணை. ஏன்?”

“குலம் அண்ணை படிப்பிக்கிறார். போன நாலு சனியும் போனனான். ஒரு நாளும் தோக்கேல்லை. என்ர கண்ணாலை பாத்தன். மனிசி ஊரிலை தைக்கிற மெஷினை விக்கிறன் எண்டு நிக்கிறாள், அந்தக் காசிலை தொடங்கலாம் எண்டு. நம்பலாமோ எண்டு உங்களிட்டை ஒரு வார்த்தை கேப்பம் எண்டு வந்தனான்.”

ஒரு நாளும் தோற்கவில்லையாம். நாலு சனிக்கிழமை தோற்காத ஏணி ஒன்றே ஒன்றுதான் உண்டு, சித்தப்பா. அது எது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

பயிற்சி முறை. உண்மையான விலைகளைச் சந்தையிலிருந்து எடுத்து, கட்டும் பந்தயத்தை மட்டும் வெளியே அனுப்பாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் விளையாட்டுக் காசு. உண்மையில் கட்டினால் அந்த விலையில் உங்களுக்கு முன்னால் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். உங்கள் முறை வருவதற்குள் விலை போய்விடும். பயிற்சியில் வரிசை கிடையாது. விலை தொட்டால் போதும், பந்தயம் பொருந்திவிட்டது என்று எழுதிக்கொள்ளும். “பயிற்சியிலை எல்லாரும் ராசா, பிள்ளை” என்று சிரிப்பீர்கள். அதனால்தான் அந்தப் பயிற்சித் திரைக்கு மேலே குறுக்காக ஒரு சிவப்புப் பட்டி போட்டு வைத்திருந்தீர்கள்.

அதை எடுத்தவள் நான்.

2011இல். பட்டி அசிங்கமாக இருக்கிறது, ஏணியின் இரண்டு படிகளை மறைக்கிறது என்று சண்டை பிடித்தேன். உங்கள் கண்ணுக்கு அழகு தெரியாது என்றும் சொன்னேன். “சரி, உன்ர இலாகா. ஆனால் தெரியாத ஒருத்தன் பாத்தால் விளங்குமோ?” என்று கேட்டீர்கள். நம் இருவரையும் தவிர யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். உண்மை என்றால் பச்சை, பயிற்சி என்றால் சாம்பல். மிக நேர்த்தியாக இருந்தது.

நீங்கள் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? திறக்கும்போதெல்லாம் ஏணி பயிற்சியில்தான் திறக்க வேண்டும் என்று வைத்தவரும் நீங்கள்தானே? தெரியாதவன் கை தவறிக் காசை இழக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். உங்கள் இரக்கத்தையும் என் நேர்த்தியையும் சேர்த்து ஒருவர் தூண்டில் செய்துவிட்டார்.

குலம் அங்கிளுக்கு அது பயிற்சி என்று தெரியாமல் இருக்கலாம் என்றுகூட முதலில் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் கிளென் வேவர்லியில் இருக்கும் அவர் வீட்டுக்கு ரயில் மாறிப் போனேன். அவர் காரைக் கழுவிக்கொண்டு நின்றார். மூலையில் இருப்பது சாம்பல் புள்ளி என்று சொன்னேன். அவர் குழாயை மூடவே இல்லை.

“அது எனக்குத் தெரியாதோ, பிள்ளை? பழகிற ஆக்களுக்கு முதல் நம்பிக்கை வரவேணும். நீச்சல் பழக்கேக்க கடலிலையே தூக்கிப் போடுறது?”

“அவையளுக்கு அது குளம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே, அங்கிள்.”

“சொல்லுவம், சொல்லுவம். இஞ்ச பார், அந்தப் பெடியளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இது வேலையில்லை, அதாலை ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது. உன்ர சித்தப்பாவின்ர பேரும் நிலைக்குது. படமும் மாட்டியிருக்கிறன், பாத்தனியோ?”

“பாக்கேல்லை.”

“வந்து பார். நீ புத்தகம் வாசிக்கிற பிள்ளை. ஆம்பிளையள் பிழைக்கிற வழி உனக்கு விளங்காது.”

வேலை செய்யாதே என்று அரசாங்கம் கையைக் கட்டிப்போடுகிறது. கட்டிய கையாலும் செய்யக்கூடியது இது என்று சொந்த மொழி பேசுகிறவர் வந்து நிற்கிறார். வகுப்புக்கு ஒரு கட்டணம், ஏணிக்கு ஒரு கட்டணம். அந்த ஏணியின் ஒரு வரியைக்கூட அவர் எழுதவில்லை. திரும்பி வரும் ரயிலில் எனக்கு வந்த பதில்களையெல்லாம் அங்கேயே சொல்லியிருந்தால் உங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும். நான் சொன்னது ஒன்றுதான்: “சரி அங்கிள், போட்டு வாறன்.”

ரவீந்திரன் அண்ணையிடம் நேராகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. பிழை சொல்ல முடியுமா? நாலு சனிக்கிழமை கண்ணால் கண்டதற்கு எதிரே ஒரு பெண் வாசலில் நின்று சொன்ன சொல். “இந்த சனி மட்டும் பொறுங்கோ அண்ணை, மெஷினை விக்க வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டேன்.

அன்றுதான் உங்கள் கணினியைத் திறந்தேன். கடவுச்சொல்லை நீங்கள் மாற்றவே இல்லை. ஒவ்வொரு ஏணியும் திறக்கும்போது புதிய பதிப்பு உண்டா என்று நம்முடைய வழங்கிக் கணினியிடம் கேட்கும் அல்லவா? அந்த வழங்கி என் பெயரில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்த மனம் வராமல் விட்டிருந்தேன். ஏணியையே திறக்காமல் செய்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் நின்றுபோன ஏணியைக் காட்டி, பொறாமையில் கெடுத்துவிட்டாள் என்று அவர் சொல்லியிருப்பார். அதனால் பழைய கோப்புகளில் உங்கள் பட்டியைத் தேடினேன். நீங்கள் அதை அழிக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் குறியிட்டு, ஓடாமல் மட்டும் செய்து, மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தீர்கள்: “பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. தேவைப்பட்டால் திருப்பிப் போடலாம்.”

அதைப் படித்துவிட்டு நான் எழுந்து போய்க் கேத்திலைப் போட்டேன்.

பிறகு திருப்பிப் போட்டேன். முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு தடிப்பாக, தமிழில், பெரிய எழுத்தில். மூடுவதற்குப் பெருக்கல் குறி எதுவும் வைக்கவில்லை.

சனிக்கிழமை நானும் போனேன். ரவீந்திரன் அண்ணைக்குப் பக்கத்தில், கடைசிக் கதிரையில். இருபது பேர் இருந்திருப்பார்கள். முன்னால் உங்கள் படம். குலம் அங்கிள் என்னைக் கண்டு, “இந்த மேதையின்ர குடும்பமே இண்டைக்கு வந்திருக்கு” என்று அறிமுகம் வேறு செய்தார். மடிக்கணினியைத் திறந்து அதன் திரையைப் ப்ரொஜெக்டரால் சுவரில் காட்டினார். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்கவா என்று ஏணி கேட்டது. வழக்கம்போல ஓம் என்று சொடுக்கினார். சுவர் சிவந்தது.

முன்வரிசையில் ஒருவர் எழுத்துக் கூட்டுவது போல வாசித்தார். “இது பயிற்சி. இது விளையாட்டுக் காசு. அண்ணை, என்ன இது?”

“புதுப் பதிப்பிலை ஏதோ கோளாறு. நீங்கள் விலையைப் பாருங்கோ.”

“கோளாறு தமிழிலை எழுதுமோ அண்ணை?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரவீந்திரன் அண்ணை சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். “அப்ப போன சனி வெண்டது?” என்று கேட்டார். குலம் அங்கிள் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார், ரவீந்திரன் அண்ணை விடவில்லை. “சரி, பரவாயில்லை. உண்மைக் காசிலை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. சின்னத் தொகை காணும்.”

மறுக்க முடியாமல் குலம் அங்கிள் பச்சைக்கு மாற்றினார். பட்டி மறைந்தது. ஐந்தில் கட்டினார். பந்தயம் வரிசையின் கடைசியில் போய் நின்றது. விலை நாலே முக்காலுக்கு இறங்கி ஓடியது, அவருடையது பொருந்தாமல் அப்படியே நின்றது. அடுத்த ஓட்டத்திலும் அதேதான். மூன்றாவதில் பொருந்தியது. பொருந்திய கையோடு விலை எதிர்ப்பக்கம் ஏறியது. மூடிவிட்டு வெளியேற வேண்டிய இடத்தில், திரும்பி இறங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். குதிரைகள் புறப்பட்டுவிட்டன. நீங்கள் கேத்திலைப் போடப் போகிற நேரம், அவர் ஒரு குதிரையின் பெயரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். அது ஆறாவதாக வந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “படகிலை வந்த எங்களை, வரிசையை முந்தி வந்தவங்கள் எண்டு ரேடியோவிலை பேசுறாங்கள். இஞ்ச வந்து பாத்தால் இதுக்கும் வரிசைதான்.” இந்த முறை அறை முழுதும் சிரித்தது. அதில் சந்தோஷம் இருக்கவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே கட்டணம் கொடுத்துவிட்ட மூன்று பேருக்கு அது இன்னும் திரும்பி வரவில்லை. குலம் அங்கிள் என்னைப் பற்றி என்ன சொல்லித் திரிகிறார் என்று அம்மாவுக்கு யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்.  அன்று அம்மா, எப்போதும் உங்களுக்கென்று வைக்கும் மீன் தலையை எனக்குப் போட்டார்.

வகுப்பு கலைந்ததும் நான் கதிரையில் ஏறி உங்கள் படத்தைக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. ரவீந்திரன் அண்ணைதான் கதிரையைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் அதை அவரே மடியில் வைத்திருந்தார். நோபல் பார்க்கில் இறங்கும்போது சொன்னார்: “மனிசிக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன் தங்கச்சி. மெஷின் இருக்கட்டும் எண்டு.” பிறகு படத்தைப் பார்த்து, “இவர் எவ்வளவு வெண்டவர்?” என்று கேட்டார்.

“பெற்றோல் காசு வரும். சில மாதம் அதுவும் வராது.”

“அப்ப ஏன் செய்தவர்?”

அதை அவரிடமே கேட்கிறேன் என்றேன், சித்தப்பா. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் படம் இப்போது இரண்டு திரைகளுக்கும் நடுவில் இருக்கிறது. மாலையைக் குப்பையில் போட்டுவிட்டேன். எங்காவது ஒரு கணினியில் ஏணியின் ஒரு பிரதி திறந்துகொண்டிருக்கும்வரை அந்த வழங்கி ஓடும், நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டியும் இருக்கும். அழகில்லை என்று யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன். நானே சொன்னாலும்.

உங்கள் குறிப்புக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: “பிள்ளைக்கு விளங்கிவிட்டது.”

உங்கள் பெறாமகள்,
துளசி
நோபல் பார்க், 2013